நாலு அவுன்ஸ் கோடு

சேசு மரி சூசை

விழுப்புரம்,
15-5-1958

அன்புள்ள தங்கை ஞானமேரிக்கு அண்ணன் சவரிநாதன் எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். நீயும் ரீத்தாக் குட்டியும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

நம் தேவநாதன் திண்டிவனம் பஸ்ஸில் கண்டக்டராகப் போகிறான். அவன் கையில் ஒரு பார்சல் கொடுத்திருக்கிறேன். இரண்டு டப்பா பால்மாவு, ஒரு தட்டைப் புட்டி. புட்டி எங்கள் டிஸ்பென்சரிப் புட்டிதான், புதுசு. சோடா உப்புப் போட்டு நானே மூன்று தடவை கழுவினேன்.

புட்டியில் ஒரு காகிதச் சீட்டு ஒட்டியிருக்கிறேன், பார். மருந்து மிக்சர் புட்டிக்கு வேளைக்கு ஒரு கோடு போட்டு ஒட்டுவோமே, அதே வேலை. இதில் ஒரே கோடுதான். கோடு வரைக்கும் காய்ச்சி ஆறிய தண்ணீர். அது நாலு அவுன்ஸ். டப்பாவுக்குள் கிடக்கிற கரண்டியால் தலைதட்டி நாலு கரண்டி மாவு போடு. மூடிக் குலுக்கு, சங்கில் ஊற்றிப் புகட்டு. கணக்குப் பார்த்து நீ மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், கோடு பார்த்துக்கொள்ளும்.

டாக்டரம்மா சொன்னதை மறக்காதே. இடது மார்பில் கட்டி வந்து கீறினதற்கப்புறம் உனக்கு ஒரு பக்கம்தான் பால். அதனால் எந்த வேளையானாலும் முதலில் தாய்ப்பால். அது தீர்ந்த பிறகு மிச்சப் பசிக்குப் புட்டிப் பால். புட்டி வந்துவிட்டதே என்று தாய்ப்பாலை நிறுத்திவிடாதே. இரண்டும் சேர்ந்துதான்.

நான் நேரில் வந்து கலக்கிக் காட்டியிருப்பேன். ஏன் வரவில்லை என்று உனக்கே தெரியும். தாய்மாமன் நான் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது, ஞானஸ்நானத்துக்கு மாப்பிள்ளை வேலை செய்கிற மில்லின் மேஸ்திரியை ஞானத்தகப்பனாக நிறுத்தினார்கள். கோயிலில் நான் கடைசி வரிசையில் நின்றேன். மாப்பிள்ளை வீட்டார் வந்து வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிடாமல் அந்த வாசலை மிதிக்க மாட்டேன். அதற்காகக் குழந்தையின் வயிற்றைக் காயப் போடுகிறவன் அல்ல நான்.

இப்படிக்கு,
சவரிநாதன்


சேசு மரி சூசை

திண்டிவனம்,
9-6-1958

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் எழுதச் சொன்னால் பாதி மருந்துச் சீட்டு, பாதி சண்டை. உங்களைத் திருத்த முடியாது.

உங்கள் மருமகள் ஏறுகிறாள். போன வியாழக்கிழமை ஆஸ்பத்திரித் தராசில் ஒன்பது ராத்தல் இரண்டு அவுன்ஸ். பிறந்தபோது ஆறே கால் ராத்தல் இருந்தவள்! டாக்டரம்மா கன்னத்தைக் கிள்ளி, "இப்படியே கொடு, மாற்றாதே" என்றார்கள். மூன்று வாரமாகக் கோடு தவறாமல்தான் கலக்குகிறேன்.

இந்த வீட்டில் அதற்கு ஒத்துக்கொண்டவர்கள் யாரும் இல்லை. என் நாத்தனார் இருதயசெல்வி அண்ணி, தெரியுமே, புருஷன் இறந்ததிலிருந்து எங்களோடு இருப்பவர், கன்னியர் மடத்து போர்டிங்கில் சமையல் செய்கிறவர். அவர் ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்கிறார்: "ரெண்டு பால வயித்துல ஒண்ணா உட்டா அது ரெண்டும் சண்டை போடும் மேரி. குடுத்தா இது குடு, இல்ல அது குடு. இதென்ன மோர்ல கஞ்சி கலக்கற வேலையா?" நான் சரி அண்ணி, சரி அண்ணி என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கிறேன். உங்கள் மாப்பிள்ளை இதில் தலையிடுவதில்லை. மல்லாட்டை வரத்து அதிகமாம், எண்ணெய் மில்லில் கடலை ஆட்டிவிட்டு வரும்போதே அலுப்போடு வருகிறார். நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதே குறைந்துவிட்டது.

ஒரு உதவி அண்ணா. அந்தச் சீட்டு வெந்நீர் பட்டு உரிந்து போய்விட்டது. வேறொரு சீட்டு வெட்டிக் கடிதத்தில் வைத்து அனுப்புங்கள். சீட்டு மட்டும் போதும். புட்டியெல்லாம் அனுப்ப வேண்டாம். சீக்கிரம் அனுப்புங்கள், நேற்றிலிருந்து கண் அளவுக்குத்தான் ஊற்றுகிறேன்.

வேறு விசேஷம் இல்லை.

உங்கள் தங்கை,
ஞானமேரி


சேசு மரி சூசை

விழுப்புரம்,
12-6-1958

அன்புள்ள தங்கைக்கு,

ஒன்பது ராத்தல் இரண்டு அவுன்ஸ் என்பதை எங்கள் டிஸ்பென்சரி டாக்டரிடம் சொன்னேன். "கம்பவுண்டர் வீட்டுக் குழந்தை ஆயிற்றே" என்று சிரித்தார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

சீட்டு இதோடு இருக்கிறது. உன்னிடம் இருக்கிற புட்டிக்கு ஜோடிப் புட்டி ஒன்று என் அலமாரியில் இருக்கிறது. அதில் நாலு அவுன்ஸ் அளந்து ஊற்றி, கோடு குறித்து, வெட்டியிருக்கிறேன். மேலே மெழுகுவர்த்தி தேய்த்திருக்கிறேன், இனி வெந்நீருக்கும் உரியாது. சீட்டின் கீழ் ஓரமும் புட்டியின் அடியும் ஒன்றாக இருக்க வேண்டும். அது ஒன்றுதான் முக்கியம்.

உன் நாத்தனார் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதே. வயிற்றுக்குள் போனால் எல்லாப் பாலும் பால்தான். அடுப்படியில் இருப்பவர்களுக்கு மருந்து விஷயம் என்ன தெரியும்?

சவரிநாதன்


சேசு மரி சூசை

திண்டிவனம்,
27-6-1958

அன்புள்ள அண்ணாவுக்கு,

சீட்டு வந்தது, ஒட்டினேன். நன்றாகவே நிற்கிறது.

மனசு சரியில்லை, அதனால் எழுதுகிறேன். நேற்று நிறை பார்த்தார்கள். அதே ஒன்பது ராத்தல் இரண்டு அவுன்ஸ். மூன்று வாரமாக ஒரு அவுன்ஸ்கூட ஏறவில்லை. டாக்டரம்மா தராசைத் தட்டிப் பார்த்து இன்னொரு தடவை போட்டார்கள். அதேதான்.

ஆனால் பசியாக இருக்கிற குழந்தையாகவும் தெரியவில்லை. கலக்கினதை முழுக்கக் குடிப்பதில்லை, சங்கைத் தட்டிவிட்டு மிச்சம் வைக்கிறாள். அழுகையும் இல்லை. முன்னெல்லாம் ஊரைக் கூட்டுவாள். இப்போது கண்ணைத் திறந்துகொண்டு சும்மாவே கிடக்கிறாள். பக்கத்து வீட்டுப் பூமாலை அக்கா, "தங்கமான புள்ள, அழவே தெரியாது" என்கிறார். மார்பிலும் முன்போல இழுப்பதில்லை. இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் தூங்கிவிடுகிறாள். எனக்கும் மார்பு கனக்கக் காணோம்.

இருதயசெல்வி அண்ணி என்னைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. வாயைத் திறந்து திட்டினாலும் தேவலை. என்ன செய்யட்டும், உடனே எழுதுங்கள்.

ஞானமேரி


சேசு மரி சூசை

விழுப்புரம்,
30-6-1958

அன்புள்ள தங்கைக்கு,

பயப்படாதே. அழாத குழந்தை வயிறு நிறைந்த குழந்தை. மிச்சம் வைக்கிறாள் என்றால் போதும் என்று அர்த்தம். புட்டிப் பாலில் குறை இருக்க வழியில்லை, அது அளவோடு போகிறது. குறை இருந்தால் இன்னொரு பக்கம்தான் இருக்க வேண்டும்.

உன்னைக் குத்திச் சொல்வதாக நினைக்காதே. தாய்ப்பால் சத்தில்லாமல் தண்ணீராகப் போனால் குழந்தைக்கு ஏறாது. நீ சாப்பிடுகிறாயா இல்லையா? பூண்டு வதக்கிச் சாப்பிடு. பால்சுறாப் புட்டு செய்து சாப்பிடு. கேப்பைக் கூழில் முருங்கைக் கீரை போடு. பேருக்கு இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்திருக்கிற பழக்கம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

சவரிநாதன்


சேசு மரி சூசை

திண்டிவனம்,
4-7-1958

அண்ணாவுக்கு,

பூண்டு தின்றேன். சுறா தின்றேன். கேப்பைக் கூழ் குடித்துக் குடித்து ஏப்பம்கூட அதே வாசனையாக வருகிறது. நேற்று நிறை எட்டு ராத்தல் பன்னிரண்டு அவுன்ஸ். ஆறு அவுன்ஸ் இறங்கிவிட்டது அண்ணா. மூன்று மாதக் குழந்தை ஏற வேண்டிய நேரத்தில் இறங்குகிறது. தொடையில் தோல் தொங்குகிறது. டாக்டரம்மா எல்லோர் முன்னாலும், "வீட்டில் என்னதான் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். என் பால் தண்ணீர் என்று எழுதினீர்களே, அதை நான் மூன்று தடவை படித்தேன். இந்த வீட்டில் இரண்டு பேர் மனசுக்குள் நினைத்ததை நீங்கள் மையால் எழுதிவிட்டீர்கள். கூடப் பிறந்தவர் எழுதியது என்பதால் அது இன்னும் ஆழமாக இறங்கியது.

இங்கே ஒரு முடிவு எடுத்துவிட்டார்கள். இவருடைய சித்தப்பா மகன் பாக்கியராஜ் கண்டமங்கலத்தில் இருக்கிறார். அவர் மனைவிக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம், பால் நிறைய இருக்கிறதாம். ரீத்தாவை அங்கே மூன்று மாதம் விடுவதாகப் பேச்சு. 13-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் அவர்களே வந்து தூக்கிக்கொண்டு போகிறார்கள். "உன் கையில் விட்டுச் சாகடிக்கணுமா?" என்று கேட்டார் இவர். என்னிடம் ஒரு மாதத்தில் அவர் பேசிய முழு வாக்கியம் அது ஒன்றுதான்.

மூன்று மாதம் அங்கே குடித்தால் என் மார்பை அவள் மறந்துவிடுவாள். எனக்கு இருக்கிற ஒரு பக்கமும் வற்றிவிடும். அப்புறம் அவளைத் திருப்பித் தந்தால் நான் எதைக் கொடுப்பேன்? போகவிடாமல் வைத்துக்கொண்டு அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதற்கு மேல் நான் உயிரோடு இருப்பேனா? இரண்டில் எதுவென்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

மேரி


விழுப்புரம்,
7-7-1958

மேரிக்கு,

இன்லண்டு லெட்டர் வாங்கப் போக நேரமில்லை, கையில் கிடைத்த தபால் கார்டில் எழுதுகிறேன். யோசித்துப் பார்த்துவிட்டேன். என் அளவில் பிசகு கிடையாது. முதல் மூன்று வாரம் ஏறிய குழந்தை அப்புறம் ஏன் இறங்குகிறது? யாரோ நடுவில் கை வைக்கிறார்கள். உன் நாத்தனாருக்கு ஆரம்பத்திலிருந்தே டப்பாப் பால் பிடிக்கவில்லை. நீ அந்தப் பக்கம் திரும்பும்போது மாவைக் கொட்டிவிட்டுத் தண்ணீரை ஊற்றுகிறாள், எழுதி வைத்துக்கொள். குழந்தை இல்லாதவளுக்குக் குழந்தையின் அருமை எங்கே தெரியும்? டப்பாவைப் பெட்டியில் வைத்துப் பூட்டு. அவள் கை படவிடாதே. குழந்தையை எங்கேயும் அனுப்பாதே.

சவரிநாதன்


சேசு மரி சூசை

திண்டிவனம்,
9-7-1958

அண்ணா,

கார்டில் எழுதினீர்களே, பாவி அண்ணா! நேற்றுத் தபால்காரர் வாசலில் அண்ணி கையில்தான் கொடுத்தார். அண்ணி நாலாவது வரைக்கும் படித்தவர். அங்கேயே நின்று ஒரு எழுத்து விடாமல் படித்தார். உள்ளே வந்து என் மடியில் போட்டார்.

"உங்கண்ணன் எழுதியிருக்காரு, படி."

நான் படித்தேன். கடைசிக்கு முந்தின வரிகள் வந்தபோது எனக்குத் தலை நிமிரவில்லை. அண்ணிக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து இரண்டும் ஒரு வருஷத்துக்குள் போனது உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் இருந்தது என் தப்பு.

அண்ணி அழவும் இல்லை, கத்தவும் இல்லை. எனக்கு எதிரில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "நான் தொட மாட்டேன். என் கண்ணு முன்னாடி நீ கல. நான் பாக்கறேன்" என்றார். நான் கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றினேன். தலைதட்டி நாலு கரண்டி போட்டேன். குலுக்கினேன். கை நீட்டி ஒரு சொட்டு உள்ளங்கையில் விடச் சொன்னார், நக்கிப் பார்த்தார்.

"ஏம்மா மேரி, இது பாலா, இல்ல பால் குண்டான் கழுவுன தண்ணியா? மடத்துல அறுவது புள்ளைக்குப் பால் ஊத்தறவ நானு. பால்காரன் அரைச் சொம்பு தண்ணி சேத்தாலும் என் நாக்குக்குத் தெரியும். இதுல பாதிக்குப் பாதி தண்ணி."

"கோடு வரைக்கும்தான் ஊத்தினேன் அண்ணி."

"யாரு போட்ட கோடு? இருவத்தி நாலு மைலுக்கு அப்பால குந்திக்கினு இந்தப் புட்டிக்கு எப்பிடி அளவு எடுத்தாரு உங்கண்ணன்?"

அப்படியே எழுந்து மடத்துக்குப் போய், மருந்து அளக்கிற அவுன்ஸ் கிளாஸைக் கேட்டு வாங்கி வந்தார். கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றி, கிளாஸில் சாய்த்து அளந்தோம். நாலு வந்தது. புட்டியில் இன்னும் தண்ணீர் இருந்தது. அதையும் அளந்தோம், மூன்று. மொத்தம் ஏழு அவுன்ஸ் அண்ணா. நாலு கரண்டி மாவுக்கு ஏழு அவுன்ஸ் தண்ணீர். இருபத்தைந்து நாளாக அவளுக்குத் தண்ணீர் கொடுத்து வயிற்றை நிரப்பியிருக்கிறேன். தண்ணீரால் வயிறு நிறைந்ததால்தான் மிச்சம் வைத்தாள். அதனால்தான் மார்பிலும் இழுக்கவில்லை, இழுக்காததால் என் பாலும் குறைந்தது. அழாமல் கிடந்தது வயிறு நிறைந்து இல்லை, அழத் தெம்பில்லாமல்.

இனி நான் மறைத்து என்ன ஆகப் போகிறது? நீங்கள் கொடுத்தனுப்பிய தட்டைப் புட்டி இப்போது இல்லை. ஜூன் எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நான் அதை அம்மிக் கல்லில் அடித்து உடைத்தேன். அன்று இவர் மில் ஆட்களோடு வாசலில் பேசிக்கொண்டிருந்தார். யாரோ, "கொழந்தைக்கு எதுக்குப்பா டப்பாப் பாலு?" என்று கேட்டார்கள். "என்ன பண்றது, ஒரு காம்பு செத்த மாடு நம்முளுது" என்று இவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நான் உள்ளே புட்டியும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன்.

உங்களிடம் சொன்னால் ஏற்கெனவே எரிகிற சண்டையில் எண்ணெய் ஊற்றினது போல ஆகும் என்று சொல்லவில்லை. பிரசவத்துக்கப்புறம் நீங்கள் அனுப்பிய டானிக் பாட்டில் காலியாக இருந்தது, தட்டைப் புட்டியைவிடப் பருமனான அந்த உருண்டைப் பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டேன். சீட்டு மட்டும் கேட்டேன். சீட்டை ஒட்டினால் அது நாலு அவுன்ஸ் ஆகிவிடும் என்று நினைத்தேன் அண்ணா. எந்தப் புட்டியில் ஒட்டினாலும் நாலு அவுன்ஸ்தான் காட்டும் என்று நினைத்த மடச்சி நான். நீங்கள் கொடுத்த கோடு ஆயிற்றே.

அண்ணிக்குப் புட்டி உடைந்த கதை இன்னும் தெரியாது. ஏதோ மறைக்கிறேன் என்று மட்டும் தெரியும். சொன்னார்: "சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன். உன் வாயால எல்லாத்தையும் தம்பிகிட்ட நீ சொல்லு. சொல்லலைன்னா ஞாயித்துக்கிழமை அவங்க வந்து தூக்கிக்கினு போவட்டும், நான் தடுக்க மாட்டேன். புள்ளைக்கு என்ன குடுக்கறேன்னு உண்மையச் சொல்லாதவ கையில புள்ள எப்பிடி இருக்கும்?"

சொன்னால் தாய்மாமனும் தாயும் சேர்ந்து பட்டினி போட்டார்கள் என்று ஆகும். உங்கள் வேலைக்கும் கெட்ட பெயர். சொல்லாவிட்டால் என் பால்தான் குற்றவாளி, குழந்தையும் போகிறது. நேற்று மத்தியானத்திலிருந்து கிளாஸில் அளந்துதான் கொடுக்கிறேன். கடைசிச் சொட்டு வரை குடிக்கிறாள். நடுங்கி நடுங்கிக் குடிக்கிறாள்.

மேரி


சேசு மரி சூசை

விழுப்புரம்,
10-7-1958

மேரி,

உறைக்குள் இரண்டு காகிதம் வைத்திருக்கிறேன். பெரியதை சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படி. இந்தச் சின்னது உனக்கு மட்டும்.

பெரிய கடிதத்தில், அவசரத்தில் வேறு புட்டிக்கு வெட்டிய சீட்டை நான் தவறாக அனுப்பிவிட்டேன் என்று எழுதியிருக்கிறேன். இருதயசெல்வி அம்மாளைப் பற்றிச் சொன்ன வார்த்தைகளுக்குக் கைகூப்பி மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். நீ புட்டியை உடைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீயும் வாயைத் திறக்காதே. பழி என்னோடு போகட்டும். எனக்கு ஒரு வாசல்தான் போகும், உனக்குக் குழந்தை போகும்.

நான் எழுதியதில் முக்கால்வாசி உண்மைதான். இன்று காலை ஒரு பெண் இருமல் மிக்சருக்குப் புட்டி கொண்டு வந்தாள். இங்கே ஜனங்கள் தங்கள் தங்கள் புட்டியைத்தான் கொண்டு வருவார்கள். ஒன்றைப் போல ஒன்று இருக்காது. ஒவ்வொன்றையும் வாங்கி, மருந்தை ஊற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் கோடு வெட்டுவேன். பதினான்கு வருஷத்தில் புட்டியைக் கையில் பிடிக்காமல் ஒரு சீட்டு வெட்டினதில்லை. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பிடித்துப் பார்த்தேன். நம் ரீத்தாவுக்குத்தான் பார்க்காமல் வெட்டி, மெழுகு வேறு தேய்த்து அனுப்பினேன்.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்திருந்தால் போதும். உருண்டைப் பாட்டிலைக் கண்ட உடனே தெரிந்திருக்கும். முக்கால் மணி நேர ரயில். நான் வெற்றிலை பாக்குக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

இன்று அந்தப் பெண்ணுக்குக் கோடு வெட்டக் கை வரவில்லை. டாக்டரே வெட்டினார்.

உன் பால் தண்ணீர் என்று எழுதின கை இது. என்னை மன்னித்துவிடு என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது.

அண்ணன்


சேசு மரி சூசை

திண்டிவனம்,
17-7-1958

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஒரு வாரமாக எழுதவில்லை, தவித்திருப்பீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் இவர் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அண்ணி கதவோரம் நின்றார். நான் உங்கள் கடிதத்தைப் பிரித்துப் படித்தேன். அண்ணியிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்ட இடம் வரைக்கும் நன்றாகத்தான் படித்தேன். "வேறு புட்டிக்கு வெட்டிய சீட்டை நான் தவறாக அனுப்பிவிட்டேன், மேரியின் மேல் துளியும் தப்பில்லை" என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். நீங்கள் சொன்ன பேச்சை நான் கேட்கவில்லை அண்ணா. காகிதத்தை மடித்துவிட்டேன். "இது பொய். எங்கண்ணன் சரியான புட்டியும் சரியான சீட்டும்தான் அனுப்பினார். புட்டிய நான் ஒடச்சேன். ஒடச்சத மறச்சேன்" என்றேன்.

இவர் எழுந்து நின்றுவிட்டார். "ஒடச்சியா? எதுக்கு ஒடச்ச?"

"காம்பு செத்த மாட்டுக்குப் புட்டி எதுக்குன்னு ஒடச்சேன்."

இவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் வேறாகிவிட்டது. அண்ணிதான் கேட்டார், "நீ சொன்னியாடா அப்பிடி? கட்டன பொண்டாட்டிய?" என்று. சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போன இவர், சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் வந்தார். நான் அழவில்லை. ஒரு மாதமாகச் சுமந்ததை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இவர் கோபத்தில் குழந்தையை அனுப்பிவிடுவார் என்றும் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பாக்கியராஜும் அவர் மனைவியும் வந்தார்கள். நல்ல பெண் அண்ணா, அவளைக் குறை சொல்லமாட்டேன். வந்த உடனே ரீத்தாவை வாங்கி மடியில் போட்டு மார்பைக் கொடுத்தாள். நான் தடுக்கவில்லை. என் குழந்தை மடக்மடக்கென்று விழுங்கினாள். ஐந்து நாளாக அளவாகக் கொடுத்தும் அவள் வயிற்றில் இன்னும் அவ்வளவு பசி இருந்தது. நான் அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதேன். என் மார்பிலும் பால் கசிந்து ரவிக்கை நனைந்தது. வெகு நாளைக்கப்புறம் அன்றுதான் அப்படி நனைந்தது.

அதை அண்ணி பார்த்துவிட்டார்.

இவர் துணிமணியை எடுத்து வைக்கச் சொன்னார். "வந்தவங்க வந்துட்டாங்க, அனுப்பிடலாம். மூணு மாசம்தானே" என்றார். அண்ணி போய் அந்தப் பெண்ணின் மடியிலிருந்து ரீத்தாவைத் தூக்கிக்கொண்டார். "ஒரு வேளை குடுத்தியே, அந்தப் புண்ணியம் போதும்மா. சாப்ட்டுட்டு கிளம்புங்க. புள்ள எங்கயும் வராது" என்றார்.

"ஏக்கா, நீதானே ரெண்டு பால சேக்கக்கூடாது சேக்கக்கூடாதுன்னு சொல்லிக்கினு இருந்த?" என்றார் இவர்.

"சொன்னேன். தப்பாத்தான் சொன்னேன். ரெண்டு பாலு சண்டை போடல. சண்டை போட்டதெல்லாம் நாமதான்." என் பக்கம் திரும்பினார். "இங்க பாரு மேரி. இனிமே மாரு உன்னுது, புட்டி என்னுது. உன்னுத மொதல்ல குடு, எவ்ளோ இருக்குதோ குடு. அப்பறம் என் கையில குடு. எனக்கு ஒரு கோடும் வாணாம், ஒரு சீட்டும் வாணாம்." இவர் துணி மூட்டையை எடுத்து அவிழ்த்தார், அவ்வளவுதான்.

இவர் என்னிடம் இன்னும் சரியாகப் பேசவில்லை. ஆனால் நேற்று மில்லிலிருந்து வரும்போது பால்சுறா வாங்கி வந்து சொல்லாமல் அடுப்படியில் வைத்துவிட்டுப் போனார். எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. மீனைச் சமைத்தேன், சாப்பிட்டேன், நன்றாக இருந்தது என்று சொல்லவில்லை.

உங்கள் மன்னிப்புக்கு அண்ணி என்ன சொன்னார் என்றால், "லெட்டர்ல கைகூப்பினா எனக்கு எப்பிடித் தெரியும்? வந்து கூப்பச் சொல்லு. எங்க புட்டிய அவரு கண்ணால பாக்கட்டும்" என்றார். உங்களுக்கு வெற்றிலை பாக்கு வைக்கப்போவதில்லை என்றும் சொன்னார். வாருங்கள் அண்ணா. வெறும் கையோடு, வெறும் வாயோடு வாருங்கள். ஒரு நாள் கோபத்தை விட்டுக் கொடுத்தால் உயிரா போய்விடும்? வைத்துக்கொண்டிருந்ததில்தான் ஒரு உயிர் போகப் பார்த்தது.

இன்றைக்கு நிறை பார்த்தோம். போன வியாழன் எட்டு ராத்தல் பதினோரு அவுன்ஸுக்கு இறங்கியிருந்தது. இன்று ஒன்பது ராத்தல் ஒரு அவுன்ஸ். பழைய நிறைக்கு இன்னும் ஒரு அவுன்ஸ் பாக்கி. பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். தராசில் போட்டதற்கு ஆஸ்பத்திரியே அதிர அழுதாள். நானும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம், சுற்றி நின்றவர்களுக்கு நாங்கள் பைத்தியம் என்று தோன்றியிருக்கும்.

இவளை மடியில் வைத்துக்கொண்டேதான் இவ்வளவும் எழுதினேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள். என் பங்கு தீர்ந்துவிட்டது, இன்னும் வேண்டும் என்று கத்துகிறாள். உள்ளேயிருந்து அண்ணி, "தீந்துதா மேரி? எடுத்துக்கினு வா" என்கிறார். போய்க் கொடுக்கிறேன் அண்ணா. பசியோடு இருக்கிறாள்.

உங்கள் தங்கை,
ஞானமேரி